ஹோர்ன், எங்க்ஹௌசன், ஸ்டாவோரன்: நண்பர்களோடு பாய்ப்படகில் பழைய டச்சுத் துறைமுகங்கள்

கரைக்காற்று:
வணக்கம். ஜூன் இரண்டாம் வாரம், ஆறு பேர், ஏழு நாள். பத்து மீட்டர் நீளத்தில் ஒரு வாடகைப் பாய்ப்படகு எடுத்து, நெதர்லாந்தின் பழைய ஸௌடர்சே வளைகுடாக் கரையில் இருக்கும் துறைமுக ஊர்களைச் சுற்ற எண்ணம். இருவருக்கு ஏரியில் பாய் விரித்து ஓட்டிய பழக்கம் உண்டு. மற்ற நால்வரும் புதியவர்கள். இப்போதைய திட்டம்: ஆம்ஸ்டர்டாம், மார்கன், வோலண்டாம், ஹோர்ன், எங்க்ஹௌசன், மெடெம்பிளிக், ஸ்டாவோரன், ஹிண்டலோப்பன், ஊர்க், மீண்டும் ஆம்ஸ்டர்டாம். தூரம் சரிவருமா? உரிமம் வேண்டுமா? ஊருக்குள் இருக்கும் பழைய துறைமுகத்திலேயே படகைக் கட்ட முடியுமா, அல்லது வெளியே மெரினாவில்தானா?

நங்கூரம்:
வணக்கம் நண்பரே. தூரத்தில் தொடங்குவோம், உங்கள் திட்டத்தின் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. கடல் மைலில் தோராயமாக: ஆம்ஸ்டர்டாம் ஒரான்யஸ்லௌசன் நீர்ப்பூட்டிலிருந்து (இரு மட்ட நீருக்கிடையே படகைக் கடத்தும் கதவறை) மார்கனைச் சுற்றி வோலண்டாம் 11, அங்கிருந்து ஹோர்ன் 9, எங்க்ஹௌசன் 11, மெடெம்பிளிக் 10, ஸ்டாவோரன் 11, ஹிண்டலோப்பன் 5, ஊர்க் 20, ஊர்க்கிலிருந்து லேலிஸ்டாட் வழியாக ஆம்ஸ்டர்டாம் 30. மொத்தம் நூறைத் தாண்டுகிறது.

மணிக்கு 5 மைல் வேகத்தில் ஓடினால் 21 மணி நேரம்தானே, நாளுக்கு மூன்று மணி நேரம் போதுமே என்று தோன்றும். அங்கே பெரும்பாலும் அடிப்பது தென்மேற்குக் காற்று. போகும்போது தள்ளிக்கொண்டு போகும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். எதிர்காற்றில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டி வெட்டிப் போக, 30 மைல் 45 மைலாக நீளும். கடைசி இரண்டு நாளை மோட்டார் போட்டு, அலையில் அடிபட்டு, படகைத் திருப்பிக் கொடுக்கும் நேரத்தைத் துரத்துவதிலேயே செலவழிப்பீர்கள்.

ஆம்ஸ்டர்டாமில் தொடங்காதீர்கள். எங்க்ஹௌசனில் படகு எடுங்கள். ரயில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒரு மணி நேரம், நிலையம் துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கிருந்து ஹோர்ன், மெடெம்பிளிக், ஸ்டாவோரன், ஊர்க் நான்குமே 10 முதல் 12 மைல்தான். எந்தத் திசையில் காற்று வந்தாலும் ஏதோ ஓர் ஊர் சுலபமாகக் கிடைக்கும். ஊர்ப் பட்டியலை எழுதி வைத்துக்கொண்டு காற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். காலையில் முன்னறிவிப்பைப் பார்த்த பிறகு ஊரை முடிவு செய்யுங்கள்.

உரிமம்: 15 மீட்டருக்குக் குறைந்த நீளம், மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம் என்றால் நெதர்லாந்தில் சட்டப்படி உரிமம் தேவையில்லை. ஆனால் வாடகைக்குத் தருபவர்கள் அனுபவச் சான்று கேட்பார்கள், சிலர் கூடவே ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். நிறுவப்பட்ட விஎச்எஃப் ரேடியோவை இயக்க ஒருவருக்காவது அதற்கான சான்றிதழ் இருக்க வேண்டும். உள்நாட்டு நீர்வழி விதிப்புத்தகமான பிபிஆர் படகில் இருக்க வேண்டும் என்பதும் விதி.

வாடைக்காற்று:
நங்கூரம் அண்ணா சொன்ன தொடக்க இடத்தை ஏற்கிறேன். ஆனால் புதியவர்கள் நான்கு பேர் என்பதால் இன்னொரு வழியையும் யோசிக்கச் சொல்வேன். எங்க்ஹௌசன், ஹோர்ன், ஸ்டாவோரன் துறைகளில் பழைய சரக்குப் பாய்க்கப்பல்கள் நிற்கும்: கிளிப்பர், ச்யால்க் வகைகள். பாய்களின் நிறத்தை வைத்துப் பழுப்புக் கப்பற்படை என்று அங்கே அழைக்கிறார்கள். கப்பல்தலைவரும் ஒரு மாலுமியும் சேர்ந்தே வாடகைக்கு வருவார்கள். சமையல் உங்களுடையது. பாயை ஏற்றுவது, இறக்குவது, பக்கப்பலகையைத் தூக்குவது எல்லாம் பயணிகள் கையால்தான்.

அடி தட்டையான கப்பல்கள் அவை. ஆழமில்லாத நீருக்காகவே கட்டியவை. நடுவில் அடியிலிருந்து கீழே நீளும் ஆழமான கீல் கிடையாது. அதற்குப் பதிலாக இரு பக்கமும் பெரிய மரப்பலகைகள் தொங்கும். காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கப் பலகையை நீருக்குள் இறக்கினால் கப்பல் பக்கவாட்டில் நழுவாது. தரை தட்டும்போது முதலில் தட்டுவது பலகைதான், அது மேலே எழும்பி எச்சரித்துவிடும்.

ஒரு குறை: பெரும்பாலானவை இருபது பேருக்கு மேல் ஏற்றும் அளவு. ஆறு பேருக்குத் தலைக்கு விலை எகிறும். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் ஒரு சிறிய ச்யால்க் நியாயமாக முடியும்.

கரைக்காற்று:
பன்னிரண்டு பேர் சேர்வது கடினம். எங்க்ஹௌசனில் வாடகைப் படகு என்றே முடிவு செய்துகொள்கிறேன். ஆழம் எவ்வளவு இருக்கும்? கீல் எவ்வளவு ஆழமான படகு கேட்கலாம்?

சுக்கான்:
ஆழம்தான் அங்கே எல்லாவற்றுக்கும் காரணம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1932ல் 32 கிலோமீட்டர் நீள ஆஃப்ஸ்லௌட்டைக் அணையால் ஸௌடர்சே வளைகுடாவை வடகடலிலிருந்து பிரித்தார்கள். உப்புநீர் போய் நன்னீர் ஏரியானது, ஓதம் என்ற கடலின் ஏற்ற இறக்கம் நின்றது. 1975ல் எங்க்ஹௌசனுக்கும் லேலிஸ்டாட்டுக்கும் நடுவே ஹௌட்ரிப்டைக் அணை முடிந்து, வடக்கே ஐசல்மேர், தெற்கே மார்கர்மேர் என்று இரண்டானது. மார்கர்மேரில் பெரும்பகுதி 2 முதல் 4 மீட்டர்தான். ஐசல்மேர் சற்றே கூடுதல்.

ஏரி என்று இளக்காரமாக எண்ணிவிடக் கூடாது. ஆழம் குறைந்த நீரில் அலை நீளமாக உருள இடமில்லை. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக வரும். காற்றின் பலத்தை அளக்கும் பியூஃபோர்ட் அளவில் 6 அடித்தால் ஒரு மீட்டர் அலைதான், ஆனால் ஒன்றில் ஏறி இறங்குவதற்குள் அடுத்தது படகின் முன்பக்கத்தை அறையும். பத்து மீட்டர் படகு எதிர்காற்றில் அப்படியே நின்றுபோகும். புதியவர்களுக்கு வாந்தி வருவதும் இதனால்தான். உங்கள் அணிக்கு 4 நல்ல காற்று. 5 வரும் என்றால் துறைமுகத்துக்குள்ளேயே முதல் மடிப்பு போட்டுப் பாயைச் சுருக்கிவிட்டுக் கிளம்புங்கள். அலையில் போய் மடிப்பதைவிடப் பத்து மடங்கு எளிது. 6 என்றால் ஊரைச் சுற்றிப் பாருங்கள்.

இன்னொன்று, ஓதம் இல்லை என்றாலும் நீர்மட்டம் மாறும். பலத்த காற்று பல மணி நேரம் ஒரே திசையில் அடித்தால் தண்ணீர் எதிர்க்கரையில் குவியும், காற்று வரும் கரையில் பல பத்து சென்டிமீட்டர் இறங்கும். வரைபடத்தில் 2 மீட்டர் என்று போட்டிருந்தால் அன்றைக்கு அது 2 மீட்டர் இல்லை. ஆகவே 1.2 முதல் 1.5 மீட்டர் கீல் கேளுங்கள். 1.9 எடுத்தால் ஸ்டாவோரன், ஹிண்டலோப்பன் இருக்கும் ஃப்ரீஸ்லாந்து பக்கம் சில துறைகளில் கணக்குப் பார்த்தே நுழைய வேண்டியிருக்கும்.

ஸ்டாவோரன் போகிறவர்கள் கட்டாயம் வரைபடத்தில் பார்க்க வேண்டியது ஃபிரௌவன்ஸாண்ட் மணல்திட்டு. ஊருக்குத் தெற்கே நீண்டு கிடக்கிறது. ஊர்க் பக்கமிருந்து வரும்போது கோபுரத்தைப் பார்த்துக் குறுக்கே வெட்டினால் அதன்மேல்தான் ஏறுவீர்கள். மிதவைகளுக்கு வெளியே மேற்காக வந்து, பிறகு துறைமுக வாயிலை நோக்கித் திரும்புங்கள். செருக்குற்ற வணிகச்சீமாட்டி ஒருத்தி கப்பல் நிறையக் கொண்டுவந்த கோதுமையைக் கடலில் கொட்டச் சொன்னாள், அங்கே மணல் மேடிட்டு ஊர் நொடித்தது என்பது கதை. அவள் சிலை துறைமுகத்தில் நிற்கிறது.

நங்கூரம்:
சுக்கான் சொன்னதோடு நீர்ச்செடியையும் சேர்க்கிறேன். கோடை ஏற ஏற மார்கனுக்கும் வோலண்டாமுக்கும் இடையே உள்ள கௌவ்சே, ஹோர்ன் விரிகுடா, ஆம்ஸ்டர்டாம் பக்கத்து ஐமேர் ஆகிய இடங்களில் செடி மேற்பரப்பு வரை வளரும். ஜூனில் குறைவு, ஜூலை கடைசியிலிருந்து தொல்லை. செடி இயந்திரத்தைக் குளிர்விக்கும் தண்ணீர் வரும் வழியை அடைக்கும். இயந்திரம் ஓடும்போது புகைக்குழாயோடு வெளியேறும் அந்தத் தண்ணீர் குறைகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்தால் உடனே இயந்திரத்தை நிறுத்தி, கடல்நீர் வால்வை மூடி, வடிகட்டியைத் திறந்து செடியை எடுத்து, மூடியை ரப்பர் வளையம் சரியாக உட்காரும்படி இறுக்கி, வால்வைத் திறந்து, மறுபடி ஓட்டிப் பாருங்கள். வால்வைத் திறக்க மறந்து ஓட்டினால் தண்ணீரை இழுக்கும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் தண்ணீர் இல்லாமல் சுழன்று சில நிமிடத்தில் கிழிந்துவிடும். உதிரி இம்பெல்லர் படகில் இருக்கிறதா என்று படகை உங்களிடம் ஒப்படைக்கும்போதே கேளுங்கள்.

படகை உந்தும் விசிறியில் செடி சுற்றினால் படகு அதிரும், வேகம் விழும். நியூட்ரலுக்கு வந்து, சில விநாடி பின்னோக்கி ஓட்டினால் பெரும்பாலும் அவிழும்.

கரைக்காற்று:
எங்க்ஹௌசனிலிருந்து ஹோர்ன் போக நீர்ப்பூட்டைத் தாண்ட வேண்டுமே, புதியவர்களுக்கு அது எப்படி?

வாடைக்காற்று:
அந்த நீர்ப்பூட்டின் பெயர் க்ராபர்ஸ்காட் நாவிடக்ட், 2003ல் திறந்தது. கீழே சாலையில் கார் போகும், மேலே தண்ணீரில் நீங்கள் போவீர்கள். இரண்டு ஏரிக்கும் மட்ட வித்தியாசம் பொதுவாகச் சிறிது, ஆகவே பயப்பட ஒன்றுமில்லை.

ரேடியோ சேனல் 22 (ஒரான்யஸ்லௌசனுக்கு 18). விளக்கு: சிவப்பு என்றால் நில். சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் திறக்கப்போகிறது, தயாராகு. பச்சை என்றால் நுழை. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிவப்பு என்றால் சேவை இல்லை. தூக்குப்பாலங்களுக்கும் இதே முறைதான்.

நுழையும் முன்பே இரு பக்கமும் ஃபெண்டர் (மோதலைத் தாங்கும் காற்றடைத்த மெத்தை) தொங்கட்டும். எந்தப் பக்கம் இடம் கிடைக்கும் என்று கடைசி நிமிடம் வரை தெரியாது. முன்னும் பின்னும் ஒவ்வொருவர் கயிற்றோடு நிற்க வேண்டும். முதலில் பிடிக்க வேண்டியது பின் கயிறு அல்லது நடுக்கயிறு, படகை நிறுத்துவது அதுதான். முன்கயிற்றை முதலில் இழுத்துப் பிடித்தால் பின்பக்கம் வெளியே வீசி, குறுக்கே நின்றுவிடுவீர்கள். கயிற்றைக் கம்பத்தைச் சுற்றித் திரும்பக் கையிலேயே பிடியுங்கள், முடிச்சுப் போடாதீர்கள். பெரிய சரக்குப் படகு முன்னால் நின்றால் அது விசிறியை நிறுத்தும் வரை இடைவெளி விடுங்கள், அது கிளப்பும் சுழலில் சிறுபடகு சுவரில் மோதும்.

ஏரியிலும் சரக்குப் படகோடு வழியுரிமை பேசாதீர்கள். 20 மீட்டருக்குக் குறைந்தது சிறுபடகு, பாய் விரித்திருந்தாலும் பெரியதற்கு அதுதான் விலக வேண்டும். நீலப்பலகையும் வெள்ளை மின்விளக்கும் காட்டினால் எதிரே வருபவர் தன் வலப்பக்கத்தில் இருக்கும்படி அது கடக்கப் போகிறது என்று பொருள்.

சுக்கான்:
இனி கட்டுவது. அந்த ஊர்களில் மூன்று விதம்.

மெரினாவில் பெட்டி முறை: மேடைக்கு எதிரே நீரில் இரண்டு மரக்கம்பங்கள், படகு நடுவே நுழைந்து முன்பக்கத்தை மேடைக்குக் காட்டி நிற்கும். நான்கு கயிறு வேண்டும். காற்று வரும் பக்கக் கம்பத்துக்கு முதலில் பின்கயிறு போடுங்கள், அடுத்தது மற்றக் கம்பம், பிறகு மெதுவாக முன்னேறி முன்கயிறுகள். ஃபெண்டரை வெளியே தொங்கவிட்டு நுழையாதீர்கள். கம்பத்துக்கும் படகுக்கும் இடைவெளி ஒரு கை அகலம்தான், ஃபெண்டர் அதில் சிக்கிக் கயிறு அறுபடும். காலியான இடமெல்லாம் உங்களுக்கில்லை: பச்சை அட்டை இருந்தால் விருந்தினருக்கு, சிவப்பு என்றால் உரிமையாளர் அன்றே வருவார்.

பழைய துறைமுகத்தில் கரைச்சுவரோடு கட்டுவது இரண்டாவது. மூன்றாவது அதன் தொடர்ச்சி: சுவர் நிரம்பியதும் படகோடு படகாக அடுக்கிக் கட்டுவது. ஜூலை, ஆகஸ்டில் நான்கைந்து வரிசை நிற்கும். அணுகும்போது கேட்டுவிட்டுக் கட்டுங்கள். பாய்மரங்கள் நேருக்கு நேர் வராமல் ஓரடியாவது முன்பின் தள்ளி நில்லுங்கள், இல்லையென்றால் ஆடும்போது மேலே குறுக்குக்கைகள் மோதிக்கொள்ளும். பக்கத்துப் படகோடு மட்டும் கட்டிவிட்டுப் போகக் கூடாது. கரைக்கு உங்கள் சொந்தக் கயிறு இரண்டு, முன்னுக்கும் பின்னுக்கும், 20 மீட்டராவது நீளம். அடுத்தவர் படகைத் தாண்டும்போது முன்தளம் வழியாக மட்டுமே நடக்க வேண்டும், அவர்கள் அமரும் பகுதி அவர்கள் வீடு. காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்பதை முன்னிரவே உள்ளே இருப்பவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

கேட்டீர்களே, பழைய துறைமுகமா மெரினாவா என்று. ஹோர்னில் பின்னன்ஹாவன், எங்க்ஹௌசனில் பௌடன்ஹாவன் அல்லது ட்ரோமெடாரிஸ் கோபுரத்துத் தூக்குப்பாலத்துக்கு உள்ளே ஔடஹாவன். இரண்டு ஊரிலும் பழையதையே தேர்ந்தெடுங்கள். கழிவறை, குளியல் கொஞ்சம் தள்ளி இருக்கும், இரவில் சத்தம் இருக்கும். ஆனாலும் அந்த ஊர்கள் தண்ணீரிலிருந்து பார்க்கக் கட்டியவை. பிற்பகல் இரண்டு மணிக்குள் போய்ச் சேருங்கள். ஹோர்னில் இடமில்லை என்றால் பக்கத்திலேயே க்ராஸ்ஹாவன் மெரினா.

வலசை:
வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு இரண்டு வார்த்தை. 1602ல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆறு கிளைகள், அவற்றில் ஹோர்ன் ஒன்று, எங்க்ஹௌசன் ஒன்று. பழவேற்காட்டில் 1613ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியதும், 1658ல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்ததும் இதே கம்பெனிதான். சோழமண்டலத் துணியைக் கொடுத்து மசாலாத் தீவுகளில் சரக்கு வாங்கினார்கள். ஹோர்னில் ரோடஸ்டேன் சதுக்கத்தில் 1893ல் வைத்த யான் பீட்டர்சூன் கூன் சிலை நிற்கிறது. 1587ல் அந்த ஊரில் பிறந்தவர், 1621ல் ஜாதிக்காய்க்காகப் பண்டா தீவு மக்களைக் கொன்றொழித்த படையெடுப்பை நடத்தியவர். ஊர்மக்களே பல ஆண்டுகளாக அந்தச் சிலையைப் பற்றி வாதாடுகிறார்கள். அழகான முகப்புகளைப் பார்க்கும்போது இதையும் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

துறைமுக வாயிலில் நிற்கும் ஹோஃப்ட்டோரன் கோபுரம் 1532ல் கட்டியது. தென்னமெரிக்க முனைக்கு 1616ல் கேப் ஹார்ன் என்று பெயரிட்டது இந்த ஊர்ப் பெயரைத்தான்.

எங்க்ஹௌசனில் ஸௌடர்சே அருங்காட்சியகத்துக்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். அணையால் வாழ்க்கை மாறிய மீனவ ஊர்களின் வீடுகள், கடைகள், சுண்ணாம்புக் காளவாய்களை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து வெளியில் தெருவாக அமைத்திருக்கிறார்கள். காற்று 6 அடிக்கும் நாளுக்குப் பொருத்தமான இடம். மெடெம்பிளிக்கில் துறைமுகத்தை ஒட்டி ராட்பௌட் கோட்டை, அங்கிருந்து ஹோர்ன் வரை பழைய நீராவி ரயில். வோலண்டாம் கூட்டத்துக்காகவே போகும் ஊராகிவிட்டது, ஏழு நாளில் அதைத் தாராளமாக விட்டுவிடலாம்.

வாடைக்காற்று:
வோலண்டாமை அப்படி ஒதுக்க வேண்டாம், வலசை. காலை எட்டு மணிக்கு முன் கரையில் யாரும் இருப்பதில்லை, புகையிட்ட விலாங்கு வாங்கவும் எடாம் வரை நடக்கவும் நல்ல இடம். ஆனால் எங்க்ஹௌசனிலிருந்து கிளம்பும் வாரத்தில் அது தூரம் என்பது உண்மை. ஹோர்னில் இருக்கும்போது வடக்குக் காற்று இரண்டு நாள் நிலைக்கும் என்று தெரிந்து, அதற்குப் பிறகு தென்மேற்கு வரும் என்றும் இருந்தால் மட்டும் போங்கள்.

கரைக்காற்று:
மிக்க நன்றி எல்லோருக்கும். திருத்திய திட்டம்: எங்க்ஹௌசனில் ஒப்படைப்பு, முதல் நாள் துறைமுகத்தின் எதிரிலேயே பயிற்சி. பிறகு காற்றைப் பார்த்து ஹோர்ன் அல்லது ஸ்டாவோரன். கூடுமானால் மெடெம்பிளிக், ஹிண்டலோப்பன். ஊர்க்கை விட்டுவிடுகிறோம். படகில் சமைக்க மின்அடுப்பு, கெட்டில் கொண்டுவரலாமா? கழிவறைத் தொட்டி எப்படி?

நங்கூரம்:
இந்தத் திட்டம் நன்றாக இருக்கிறது. ஸ்டாவோரன் போனால் அங்கிருந்து ஹிண்டலோப்பன் 5 மைல்தான், அரை நாளில் போய் வரலாம். பயிற்சி நாளில் ஆளுக்கொரு முறை செய்ய வேண்டியவை: சுக்கான் பிடித்து நேராக ஓட்டுவது, பாய் மடிப்பது, ஃபெண்டரை நீரில் போட்டு அதை ஆள் விழுந்ததாக எண்ணித் திரும்ப எடுப்பது. உதவிக்கு அழைக்கச் சேனல் 16, கைபேசியில் 112. மீட்புக்கு வருவது டச்சு நீர்மீட்பு அமைப்பான கேஎன்ஆர்எம் தொண்டர்கள், எங்க்ஹௌசன், மார்கன், ஹிண்டலோப்பனில் அவர்கள் நிலையங்கள் உண்டு. சுக்கான் பிடிப்பவருக்கு இரத்தத்தில் மது வரம்பு சாலையில் உள்ளதுபோல ஆயிரத்துக்கு 0.5 தான்.

மின்சாரம்: கரையில் நீல மூன்றுமுனை செருகி, 230 வோல்ட். பல துறைகளில் ஃபியூஸ் 6 ஆம்பியர், சிலவற்றில் 4. 6 ஆம்பியர் என்றால் 1380 வாட் வரைதான். 2000 வாட் கெட்டிலைப் போட்டதும் விழும், துறைமுக அலுவலர் வந்து பெட்டியைத் திறக்கும் வரை பக்கத்துப் படகுக்கும் இருட்டு. படகின் எரிவாயு அடுப்பே போதும், ஒரே பெரிய குக்கர் கொண்டுவாருங்கள். சமைத்ததும் சிலிண்டர் வால்வை மூடுவது ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடித்தளத்தில் தேங்கும்.

கழிவறைத் தண்ணீரை ஏரியில் விடுவது 2009 முதல் தடை. தொட்டியில் சேர்த்து, துறைமுகத்தில் உறிஞ்சும் குழாயில் கொடுக்க வேண்டும். பத்து மீட்டர் படகில் தொட்டி சிறியது, ஆறு பேருக்கு இரண்டு நாள் தாங்கினால் பெரிது. கரையில் இருக்கும்போது கரைக் கழிவறைக்கே போங்கள். குடிநீர்த் தொட்டியை நிரப்பும் குழாயும் தொட்டியைக் காலிசெய்யும் இடமும் அருகருகே இருக்கும், குழாய் மாறிவிடக் கூடாது. தளத்தில் உள்ள மூடிகளில் எது எதற்கு என்று எழுதியிருக்கும், திறக்கும் முன் படித்துவிடுங்கள்.

சுக்கான்:
கடைசி நாள் பற்றி ஒன்று. வாடகை வாரம் முடியும் காலையில் டீசல் நிரப்பவும் தொட்டி காலிசெய்யவும் எல்லாப் படகும் ஒரே மேடைக்கு வரும். முந்தைய நாள் மதியமே எங்க்ஹௌசன் திரும்பி இரண்டையும் முடித்துவிடுங்கள். அப்படியானால் கடைசி இரவு ஔடஹாவனுக்குள் போகாதீர்கள், காலையில் ட்ரோமெடாரிஸ் பாலம் திறக்கக் காத்திருக்க நேரும். பாலத்துக்கு வெளியே பௌடன்ஹாவனில் கட்டினால் நினைத்த நேரத்தில் கயிறவிழ்க்கலாம்.